டிரிப் ஏறும் கை ஏன் எரிய வேண்டும்?

காய்ச்சலோ வாந்தியோ, எதற்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் முதல் காரியமாகக் கையில் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் ஏறிவிடுகிறது. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்து நர்சிங் ஹோம்களிலும் சரி, அரசு மருத்துவமனை வார்டுகளிலும் சரி, இதில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டு மூன்று நாளில் ஊசி இருக்கும் இடம் சிவக்கிறது. அதற்கு மேலே நரம்பு தடித்துக் கெட்டியாகிறது. அடுத்த வேளை மருந்தைச் செலுத்தும்போது முழங்கை வரை சுரீரென்று எரிகிறது. "மருந்து ஏறினா கொஞ்சம் எரியத்தான் செய்யும், பொறுத்துக்கங்க ஆச்சி" என்ற ஆறுதலோடு அடுத்த கையில் ஊசி மாற்றப்படுகிறது. வீட்டுக்கு அனுப்பும்போது தடவிக்கொள்ள ஒரு த்ராம்போஃபோப் களிம்பும் எழுதித் தரப்படுகிறது. வைத்தியம் என்றால் இந்த வலி இருக்கத்தான் செய்யும் என்று நோயாளியும் செவிலியரும் மருத்துவரும் ஒருசேர ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அப்படி ஏற்க வேண்டியதில்லை என்பதற்கு ஐம்பது ஆண்டு ஆராய்ச்சியில் போதுமான சான்று இருக்கிறது. எந்த மருந்தை நரம்பு வழியே கொடுப்பது, எதில் எவ்வளவு கரைப்பது, எத்தனை நிமிடத்தில் செலுத்துவது, கையில் எந்த இடத்தில் எந்த அளவு ஊசியைப் போடுவது ஆகியவற்றைப் பொறுத்தே எரிச்சலின் பெரும்பகுதி அமைகிறது. இவை எல்லாமே மருந்து உள்ளே போவதற்கு முன்னால் முடிவாகிவிடுபவை. களிம்பு வரும் நேரத்தில் தடுப்புக்கான வாய்ப்பு கடந்துவிட்டிருக்கும்.

பேச்சில் நரம்பு என்று சொல்லும் சிரையின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகச் செல்கள் படிந்திருக்கின்றன. அந்த அடுக்கு பழுதாகாத வரை ரத்தம் உறையாமல் ஓடும். அது அரிக்கப்பட்டால் தட்டணுக்கள் வந்து ஒட்டும், அழற்சியைத் தூண்டும் பொருட்கள் சுரக்கும், சிரை சுருங்கும், சுருங்கிய சிரையில் மருந்து இன்னும் அடர்த்தியாகத் தேங்கும். வலி, சிவப்பு, தடிப்பு எல்லாம் இந்தத் தொடரின் வெளித்தோற்றங்கள். மருத்துவ நூல்கள் காரணத்தை மூன்றாகப் பிரிக்கின்றன: மருந்தின் வேதித்தன்மை, ஊசிக்குழாய் உள்ளே உரசுவது, கிருமி. வார்டில் இவை தனித்தனியாக வருவதில்லை. மணிக்கட்டு மடிப்பில் போட்ட குழாய் கை அசையும்போதெல்லாம் சுவரை உரசும். உரசிய இடத்தில் அமில மருந்து பட்டால் முழுச் சுவரைவிடச் சீக்கிரம் புண்ணாகும். புண்ணான இடத்தில் கிருமி எளிதாகக் குடியேறும். ஆகவே "இது மருந்தால் வந்ததா, ஊசியால் வந்ததா" என்ற வார்டுச் சச்சரவில் இரு பக்கமும் பெரும்பாலும் பாதி சரி.

வேதித்தன்மையில் முக்கியமான அளவுகள் இரண்டு. ஒன்று அமில காரத்தன்மையைக் காட்டும் பி.எச். எண், மற்றது கரைசலில் எத்தனை துகள்கள் கரைந்துள்ளன என்பதைச் சொல்லும் ஆஸ்மோல் அளவு. ரத்தத்தின் பி.எச். 7.4, ஆஸ்மோல் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 290 மில்லியாஸ்மோல். 5க்குக் கீழே அல்லது 9க்கு மேலே பி.எச். உள்ள மருந்தும், 900 மில்லியாஸ்மோலைத் தாண்டிய கரைசலும் கைச் சிரையை வருத்தும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. 900 என்பதே அதிகம், 600இலேயே கவனம் வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. இந்த அளவுகோலில் அன்றாட மருந்துகளை நிறுத்திப் பார்த்தால் வியப்பாக இருக்கும். சாதாரண சலைன் 308. 20 சதவீத மானிட்டால் சுமார் 1,100. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 1,250க்கும் மேல். வான்கோமைசினின் பி.எச். 2.5 முதல் 4.5 வரை. வலிப்புக்குப் போடும் ஃபெனிட்டாயின் 12, அதாவது கடுங்காரம். 1948இல் அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்கிவரும் காரைக்குடியில் அமிலம், காரம் என்பவை அன்றாடம் அளந்து பார்க்கப்படும் சங்கதிகள். அதே ஊரில் ஒரு மனிதரின் கைக்குள் என்ன பி.எச். உள்ள திரவம் போகிறது என்று யாரும் கேட்பதில்லை என்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இது எவ்வளவு பரவலான தொல்லை? 51 நாடுகளில் 406 மருத்துவமனைகளில் 40,620 ஊசிக்குழாய்களைப் பார்வையிட்டுச் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. பார்த்த வேளையில் பத்தில் ஒரு குழாய் வலியோ அழற்சியோ காட்டியது. அந்த ஒரு வேளையில் கண்டது மட்டுமே இது. போட்டது முதல் எடுப்பது வரை தொடர்ந்து கவனித்தால் விகிதம் இன்னும் ஏறும். அதே ஆய்வில் ஏறத்தாழ ஏழில் ஒரு குழாய் எந்த மருந்தும் ஏறாமல் சும்மா கையில் இருந்தது. எனக்கு அந்த இரண்டாம் கண்டுபிடிப்பே முக்கியமாகப் படுகிறது. பயன்படாத குழாயும் சிரையை உரசத்தான் செய்கிறது. "இருக்கட்டும், ராத்திரி தேவைப்பட்டா என்ன பண்றது" என்று விட்டுவைக்கும் வழக்கம் நம் வார்டுகளிலும் உள்ளதுதான்.

எனவே தடுப்பின் முதல் கேள்வி, நரம்பில் போட வேண்டுமா என்பது. சிவகங்கை போன்ற வறண்ட, வெயில் கடுமையான மாவட்டத்தில் "ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க, தெம்பு வரும்" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஒரு டம்ளர் சர்பத்தில் வந்துவிடும் அளவு. அந்த டெக்ஸ்ட்ரோஸும் இலேசான அமிலத்தன்மை உடையது என்பது பலருக்குத் தெரியாது. வாயால் குடிக்க முடிந்தவருக்குக் குடிக்கக் கொடுப்பது குறைந்த வைத்தியம் என்று நினைப்பதற்கு எதிரான மிகப் பெரிய சான்று நம் நாட்டிலேயே பிறந்தது. 1971இல் வங்காளதேச அகதிகள் குவிந்திருந்த பன்காவ் முகாமில் காலரா பரவி, சலைன் கையிருப்பு தீர்ந்தபோது, மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலை வாய்வழி கொடுக்கச் செய்தார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. காலராவுக்கே அது போதுமானதாக இருந்தது என்றால் வெயில் களைப்புக்கு வென்ஃப்ளான் எதற்கு?

ஆன்டிபயாடிக்குகளிலும் இதே கேள்வி எழுகிறது. மெட்ரோனிடசோல், லீவோஃப்ளாக்சசின், லினசோலிட் ஆகிய மூன்றும் மாத்திரையாகக் கொடுத்தாலும் ஏறத்தாழ முழுமையாக ரத்தத்தில் சேர்பவை. காய்ச்சல் இறங்கி, வாந்தி நின்று, நோயாளி இட்லி சாப்பிடத் தொடங்கிவிட்டார் என்றால் பெரும்பாலான தொற்றுகளில் அன்றே மாத்திரைக்கு மாறலாம், குழாயை எடுத்துவிடலாம். ஊசியே வீரியம் என்ற நம்பிக்கை நோயாளியிடம் இருக்கிறது, அவர் ஏமாற்றம் அடைவார் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அது உண்மையே. ஆனால் அந்த நம்பிக்கையை வளர்த்ததில் மருத்துவருக்கும் பங்கு உண்டு. 2004இல் நாடு தழுவிய ஆய்வு ஒன்று, இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 300 கோடி ஊசிகள் போடப்படுவதாகவும், அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பாதுகாப்பற்றவை என்றும் கண்டது. தேவையில்லாத ஊசியை எத்தனை நேர்த்தியாகப் போட்டாலும் அது தேவையில்லாத ஊசிதான்.

நரம்பில்தான் கொடுத்தாக வேண்டும் என்று முடிவான பிறகு, கரைப்பது அடுத்த விஷயம். பொட்டாசியம் குளோரைடைக் கிட்டத்தில் நின்று பார்ப்போம். நம் வார்டுகளில் கிடைக்கும் 10 மி.லி. ஆம்பியூலில் 20 மில்லி ஈக்விவலண்ட் இருக்கும். கைச் சிரைக்கு லிட்டருக்கு 40 என்பது வழக்கமான உச்சம். கணக்குப் போட்டால் ஒரு பைன்ட், அதாவது 500 மி.லி. பாட்டிலுக்கு ஒரே ஒரு ஆம்பியூல். அதற்கு மேல் சேர்த்தால் கை எரியும். மணிக்கு 10 என்ற வேக வரம்பையும் சேர்த்தால் அந்தப் பாட்டில் இறங்க இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். வார்டில் என்ன நடக்கிறது? ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் அடிவழியாக ஆம்பியூல் குத்திச் செலுத்தப்படுகிறது. சலைனைவிடக் கனமான பொட்டாசியம் மேலே பரவாமல் குழாய் வாயருகே தேங்குகிறது. பாட்டிலைக் கழற்றித் தலைகீழாக நாலைந்து முறை கவிழ்த்துக் கலக்காவிட்டால், முதல் சில நிமிடங்கள் அடர் பொட்டாசியமே கைக்குள் போகும். நோயாளி அலறுவது அப்போதுதான். எரிச்சலைவிடப் பெரிய ஆபத்தும் அதில் உண்டு. இதயத் துடிப்பே நிலைகுலையலாம். கலக்கும் அந்தப் பத்து விநாடி கை வலியையும் உயிர் ஆபத்தையும் ஒன்றாகத் தடுக்கிறது.

"அப்படியானால் எல்லாவற்றையும் நிறையக் கரைத்துவிட்டால் போதுமே" என்று தோன்றும். போதாது. தமிழக ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு ஏற்றும் அயர்ன் சுக்ரோஸ் இதற்கு நல்ல உதாரணம். அதன் பி.எச். 10.5க்கு மேல். எரியும் என்று பயந்து அரை லிட்டரில் கரைத்தால் மருந்தின் நிலைத்தன்மையே கெடும். மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே நீர்க்கக் கூடாது, சலைனைத் தவிர வேறெதிலும் கரைக்கக் கூடாது என்பது அதற்கான விதி. 200 மி.கி.க்கு 100 மி.லி. சலைன், கால் மணி நேரத்துக்குக் குறையாமல் என்றால் மருந்தும் கெடாது, கையும் தாங்கும். குழாய் சிரையை விட்டு விலகியிருந்தால் தோலில் பழுப்புக் கறை படியும். அது மாதக்கணக்கில், சிலருக்கு நிரந்தரமாகவே நிற்கும். ஆகவே முதலில் வெறும் சலைனைச் செலுத்தி வீக்கம் வருகிறதா என்று பார்த்த பிறகே அயர்ன் தொடங்க வேண்டும். ஃபெனிட்டாயினைக் குளுக்கோஸில் கலந்தால் படிகமாகும். ஆம்ஃபோடெரிசின்-பியை, 2021இல் கருப்புப் பூஞ்சை பரவியபோது வாரக்கணக்கில் ஏற்றிய அந்த மருந்தை, சலைனில் கலந்தால் திரியும். அதற்குக் குளுக்கோஸே வேண்டும். செஃப்ட்ரையாக்சோன் ரிங்கர் லாக்டேட்டில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து வீழ்படிவாகும். இப்படி ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குணம். இவ்வளவையும் இரவுப் பணியில் இருக்கும் ஒரு செவிலியர் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பிரிட்டனில் ஒவ்வொரு ஊசி மருந்துக்கும் கரைப்பான், அடர்த்தி, நேரம், எரிச்சல் அபாயம் ஆகியவற்றைச் சொல்லும் கையேடு ஒன்று அரசு மருத்துவமனைகளுக்குப் பொதுவாக இருக்கிறது. நம் ஒவ்வொரு வார்டின் மருந்து மேசைக்கு மேலும் அங்கே புழங்கும் முப்பது நாற்பது மருந்துகளுக்கு மட்டும் தமிழில் ஒரு அட்டை ஒட்டப்பட்டால், மற்ற எந்தச் செலவையும்விட அதிகப் பலன் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

வேகம் கரைசலின் மறுபாதி. இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரையில் நிமிடத்துக்குச் சுமார் இரண்டு லிட்டர் ரத்தம் ஓடுகிறது. முன்கைச் சிரைகளில் சில பத்து மில்லிலிட்டர்களே. புறங்கைச் சிறு சிரையில் இன்னும் குறைவு. அந்தச் சிற்றோட்டம் நீர்க்கச் செய்வதைவிட வேகமாக மருந்தைத் தள்ளினால், சுவர் தொடுவது ஏறக்குறைய வெறும் மருந்தைத்தான். சிப்ரோஃப்ளாக்சசின் 100 மி.லி. பாட்டிலாகத் தயாராக வருகிறது. ஒரு மணி நேரத்தில் ஏற்றச் சொல்லியிருக்கும் அது பல இடங்களில் கால் மணியில் காலியாகிவிடுகிறது. வான்கோமைசினை மில்லிலிட்டருக்கு 5 மி.கி.க்கு மிகாமல் கரைத்து, ஒரு கிராமை நூறு நிமிடம் ஏற்ற வேண்டும். வேகமாகப் போனால் கை எரிவதோடு கழுத்தும் முகமும் சிவந்து அரிக்கும். சிரிஞ்சில் நேராகத் தள்ளும் மருந்துகளில் அவசரம் இன்னும் கூடுதல். இரண்டு முதல் நான்கு நிமிடத்தில் கொடுக்க வேண்டிய செஃப்ட்ரையாக்சோன் சில விநாடிகளில் உள்ளே போய்விடுகிறது.

இடமும் அளவும் அடுத்தவை. மடங்காத முன்கையின் நேர்ச் சிரை நல்லது. மணிக்கட்டு, முழங்கை மடிப்பு, கால் ஆகியவை தவிர்க்கப்பட வேண்டியவை. குழாய் சிரையின் உள்ளளவைவிடச் சிறிதாக இருந்தால்தான் அதைச் சுற்றி ரத்தம் ஓடி மருந்தை நீர்க்கச் செய்யும். "பெரிய ஊசி போட்டாத்தான் வேகமா ஏறும்" என்ற எண்ணத்தில் பெரியவர்களுக்குப் பச்சைநிற 18 அளவு போடுவது வழக்கத்தில் இருக்கிறது. ரத்தம் ஏற்றவும் அறுவை அரங்குக்கும் அது வேண்டும். ஆன்டிபயாடிக்குக்கு நீலநிற 22 அளவே போதும். அதன் வழியே நிமிடத்துக்கு 36 மி.லி. வரை ஓடும், அதாவது தேவைப்பட்டால் ஒரு பைன்ட் கால் மணிக்குள் இறங்கிவிடும். செட்டிநாட்டில் இது கூடுதல் கவனத்துக்கு உரியது. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, வயதானவர்களே ஊரில் மிஞ்சியிருக்கும் வீடுகள் இங்கே நிறைய. எழுபது எண்பது வயதுத் தோல் தாள்போல் மெலிந்திருக்கும், சிரை தொட்டால் நழுவும். சர்க்கரை நோய் வேறு. இவர்களுக்கு ஒரு சிரை கெட்டால் அடுத்தது கிடைக்க ஐந்தாறு குத்து ஆகலாம். குழாயின் பொருளும் பங்கு வகிக்கிறது. 1991இல் மாக்கி, ரிங்கர் என்ற ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்களை ஒப்பிட்டு, டெஃப்ளானைவிட ஒருவகைப் பாலியூரித்தேன் குழாயில் சிரை அழற்சி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று காட்டினார்கள். உடம்புச் சூட்டில் இளகிச் சிரையோடு வளைந்துகொடுப்பதே காரணம். கண்ணாடி ஆம்பியூலை உடைக்கையில் விழும் நுண்சில்லுகளும் சிரையைக் கீறுபவை. 1985இல் வந்த அமெரிக்க ஆய்வில் குழாய்வழி வடிகட்டி பொருத்தியவர்களுக்கு அழற்சி மூன்றில் இரு பங்கு குறைந்தது. எல்லாருக்கும் வடிகட்டி சாத்தியமில்லை. ஆம்பியூல் கழுத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து உடைத்து, சற்றே நிலைக்கவிட்டு, சிறு ஊசியால் அடிவரை உறிஞ்சாமல் எடுப்பது எல்லாருக்கும் சாத்தியம்.

மருந்தே இப்படித்தான், வலி அதன் இயல்பு என்பவர்களுக்கு மயக்கவியல் துறை தெளிவான பதில் வைத்திருக்கிறது. மயக்க மருந்து புரோபோஃபால் செலுத்தும்போது பத்தில் ஆறு பேருக்குக் கை வலிக்கும். 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 177 சோதனைகளை, 25,260 பேரைத் தொகுத்துப் பார்த்த அலசலை வெளியிட்டது. புறங்கையை விட்டு முழங்கைப் பக்கத்துப் பெரிய சிரையில் செலுத்துவதும், கையில் பட்டை கட்டிச் சிரையில் லிக்னோகெய்னைச் சற்று நிறுத்திவிட்டுப் பிறகு புரோபோஃபாலைச் செலுத்துவதும் வலியைப் பெருமளவு தடுத்தன. மருந்து அதேதான், எங்கே, எப்படி என்பது மட்டும் மாறியது. முழங்கை மடிப்பைத் தவிர்க்கச் சொன்னதற்கு இது முரண் இல்லை. அறுவை மேசையில் அசையாமல் கிடக்கும் கைக்கும் நான்கு நாள் நடமாடும் கைக்கும் விதி வேறு.

அழற்சி வந்த பிறகு என்ன செய்வது என்பதில் நம் செவிலியர் கல்லூரிகள் ஏராளமாக ஆய்வு செய்திருக்கின்றன: கிளிசரின் மக்னீசியம் சல்ஃபேட் கட்டு, ஹெப்பாரின் களிம்பு, கற்றாழை, ஐஸ் ஒத்தடம், வெந்நீர் ஒத்தடம். இவற்றில் சில வலியைக் குறைக்கின்றன என்பதை மறுக்க மாட்டேன். கற்றாழையை மட்டும் எடுத்துக்கொண்டு 2014இல் காக்ரேன் அமைப்பு 43 சோதனைகளைத் திரட்டியது. பலன் இருப்பதுபோல் தெரிந்தாலும் சோதனைகளின் தரம் உறுதியான முடிவுக்கு இடம் தரவில்லை. பட்டமேற்படிப்புக்காக நடக்கும் உழைப்பில் பெரும்பகுதி வந்த வீக்கத்தை எதால் ஆற்றுவது என்பதிலேயே செலவாகிறது. அதே வார்டில் எந்த மருந்து எவ்வளவு கரைக்கப்பட்டது, எத்தனை நிமிடத்தில் போனது என்று ஒரு மாணவி ஒரு மாதம் குறித்துவைத்தால், களிம்புக்குத் தேவையே குறைய வழி கிடைக்கும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பதுதான் மிக வலுவான மறுப்பு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவில் மருத்துவக் கல்லூரி வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒருவர் இருக்க வேண்டும். இரவு நேரத்தில் எந்த வார்டில் நின்று எண்ணினாலும் அந்தக் கணக்கு உதைக்கும். ஆகவே பழியைச் செவிலியர் தலையில் சுமத்தும் எந்த வாதத்தோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நேரக் கணக்கை முழுதாகப் போட வேண்டும். கெட்டுப்போன வென்ஃப்ளானை எடுத்து, வேறு சிரை தேடி, இரண்டு முறை குத்தி, பிளாஸ்டர் ஒட்டி, வலிக்கு மருந்து சொல்லி முடிக்கக் கால் மணிக்கு மேல் ஆகும். மருந்தை 100 மி.லி. சலைனில் சேர்த்து மாட்ட இரண்டு நிமிடம். மாட்டிய பிறகு பாட்டில் தானே இறங்கும், சிரிஞ்சைப் பிடித்து நிற்க வேண்டியதில்லை. நல்ல கரைசல் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. மருந்துச் சீட்டில் மருத்துவர் மருந்தின் பெயரோடு நிறுத்தாமல் "100 மி.லி. சலைனில், 30 நிமிடம்" என்று எழுத வேண்டும். எழுதாத கட்டளையைச் செவிலியர் ஊகிக்க வேண்டியிருப்பது அவர் குற்றம் இல்லை.

நிறையக் கரைத்தால் இதயம், சிறுநீரகம் பழுதானவருக்கு நீர் சேரும் என்பது இன்னொரு மறுப்பு. முற்றிலும் நியாயமானது. நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் தாங்காதவருக்கு நான்கு மருந்தையும் நான்கு பாட்டிலில் கரைத்தால் மூச்சுத் திணறும். இங்கே வழி வேறு: மாத்திரையாக மாற்றக்கூடியதை மாற்றுவது, மற்றதை மெதுவாகக் கொடுப்பது, மேல்கைச் சிரையில் நீண்ட மிட்லைன் குழாயோ மையச் சிரைக் குழாயோ போடுவது. 2015இல் மிச்சிகன் பல்கலைக்கழக வல்லுநர் குழு தந்த வழிகாட்டியில், ஐந்து நாள் வரை சாதாரணக் குழாய், ஆறு முதல் பதினான்கு நாள் என்றால் மிட்லைன், எரிச்சலூட்டும் மருந்து என்றால் முதலிலிருந்தே மையச் சிரை என்று பிரித்திருக்கிறார்கள். மிட்லைனுக்குச் செலவும் பயிற்சியும் வேண்டும். ஒவ்வொரு நர்சிங் ஹோமும் அதைச் செய்ய முடியாது. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அளவில் இரண்டு மூன்று பேர் பயிற்சி பெற்றிருந்தால், வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் வேண்டியவர்களை அங்கே அனுப்பிக் குழாய் போட்டுக்கொண்டு திரும்பலாம். குழாயின் தரத்தைப் பொறுத்தவரை, 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக வாங்குகிறது. டெண்டரில் பொருளின் வகையையும் ஒளி ஊடுருவும் ஒட்டுப்படலத்தையும் நிபந்தனையாகச் சேர்ப்பது அதன் கையில் இருக்கிறது. வெள்ளைப் பிளாஸ்டரால் மூடிய கையில் சிவப்பு வந்ததா என்று எப்படித் தெரியும்?

மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் போதும் என்ற பழைய விதியும் பலருடைய மனத்தில் நிற்கிறது. 2012இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மூன்று மருத்துவமனைகளில் 3,283 பேரிடம் அதைச் சோதித்தார்கள். நாள் கணக்கில் மாற்றியவர்களுக்கும் தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களுக்கும் அழற்சி ஒரே அளவு, 7 சதவீதம். அதை மட்டும் பிடித்துக்கொண்டு விதியைக் கைவிடுவதும் சரியில்லை. அப்படிக் கைவிட்ட ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் ரத்தத் தொற்று கூடியதாக 2021இல் அறிக்கை வந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது இது: ஒவ்வொரு பணிமுறையிலும் ஒருவர் குழாய் இடத்தைப் பார்த்து, தொட்டு, குறித்துவைக்கும் வார்டில் நாள் கணக்கு தேவையில்லை, பார்க்க ஆளில்லாத வார்டில் நாள் கணக்கைக் கைவிடக் கூடாது. பார்ப்பதற்கு ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. பிரிட்டனின் ரோதர்ஹாமில் ஆண்ட்ரூ ஜாக்சன் 1998இல் வெளியிட்டது, பூச்சியம் முதல் ஐந்து வரை. வலி, சிவப்பு, வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு சேர்ந்து வந்தால் மதிப்பு இரண்டு. குழாயை எடுத்துவிட வேண்டும். தடித்த நரம்பும் காய்ச்சலும் வரும்வரை காத்திருக்க அதில் இடமில்லை.

வலியைக் கேட்பதன் அவசியம் மருந்து சிரையை விட்டு வெளியே கசியும்போது இன்னும் கூர்மையாகிறது. கால்சியம் குளுக்கோனேட், நார் அட்ரினலின், 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், ஃபெனிட்டாயின், புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின், டாக்சோரூபிசின் ஆகியவை திசுவுக்குள் கசிந்தால் தோல் அழுகி, ஒட்டுத்தோல் அறுவை வரை போகும். ஒவ்வாமைக்கும் வாந்திக்கும் போடும் புரோமெத்தசின் இதே வகை. அதன் நரம்பூசியால் திசு அழுகும் அபாயத்துக்காக 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கறுப்புக் கட்டத்தில் எச்சரிக்கை போடச் செய்தது. இவற்றிலெல்லாம் முதல் அறிகுறி நோயாளி சொல்லும் "எரியுது" என்ற வார்த்தைதான். அதைக் கேட்டதும் மருந்தை நிறுத்த வேண்டும். குழாயை உடனே பிடுங்காமல், அதன் வழியாகவே கசிந்ததை முடிந்தவரை உறிஞ்சி எடுத்து, பிறகு கழற்றி, கையை உயர்த்தி வைக்க வேண்டும். வின்கிறிஸ்டினுக்கு வெந்நீர் ஒத்தடம், டாக்சோரூபிசினுக்கு ஐஸ் ஒத்தடம். மாற்றிச் செய்தால் கேடு கூடும். மயக்கத்தில் இருப்பவருக்கும் கைக்குழந்தைக்கும் பக்கவாதத்தில் பேச்சிழந்தவருக்கும் அந்த வார்த்தை வராது. அவர்கள் கையை மணிக்கு ஒருமுறை யாராவது பார்த்தாக வேண்டும். துணைக்கு இருக்கும் உறவினருக்கு எதைப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தால் அவரே பார்த்துச் சொல்வார். டெக்ஸ்ட்ரோஸ், பொட்டாசியம், வின்கிறிஸ்டின் ஆகியவை கசிந்தால் சுற்றிலும் போடும் ஹைலூரோனிடேஸ், கண்புரை அறுவையில் கண்ணை மரக்கச் செய்யும் ஊசியோடு சேர்க்கப்படுவதுதான். கண் அறுவை அரங்கு உள்ள மருத்துவமனையில் அது ஏற்கெனவே கையிருப்பில் இருக்கும். அதில் ஒரு வயலைப் பொது வார்டின் அவசர மருந்துகளோடு சேர்த்துவைத்து, எங்கே இருக்கிறது என்பதை மருந்து மேசைக்கு மேலே ஒட்டச் சொன்ன அந்த அட்டையிலேயே எழுதிவிடலாம்.